இஞ்சிக்கு வேர் தேடிய எப்சி

தாம்பரத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எப்சிக்கு வேலை. தமிழ்வழியில் படித்துவிட்டு அங்கே சேர்ந்த புதிதில், அவள் பேசிய இங்கிலீஷைக் கேட்டு நாலு பேர் சிரித்தார்கள். 'இந்த மொழி எங்கெங்கே கைநீட்டி வாங்கியிருக்கிறது, பார்த்துவிடலாம்' என்று அன்று சொற்களின் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கியவள், நிறுத்தவே இல்லை. இங்கிலீஷ் மீதிருந்த பயம் போன இடம் தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு, பெருங்களத்தூரில் அவள் குடியிருக்கும் அடுக்ககத்தில் விநாடி வினா வைத்தார்கள். எப்சியும் பக்கத்து வீட்டுச் சுகுமாரும் ஓர் அணி. கேள்வி கேட்டவர் ராகவேந்திரா.

"ஜிஞ்சர்ங்கற வார்த்தையோட மூலம் எந்த மொழி?"

"சம்ஸ்கிருதம்" என்றார் எதிரணி யக்ஞநாராயணன். "சிருங்கம்னா கொம்பு. கொம்பு மாதிரி இருக்கறதால சிருங்கவேரம்."

"தமிழ்" என்றாள் எப்சி.

"ரெண்டுமே தப்பு. லத்தீன்னு போட்டிருக்கு" என்றார் ராகவேந்திரா, விடைத்தாளைப் பார்த்து.

எப்சி எழுந்து மைக்கை வாங்கினாள். "லத்தீனுக்குக் கிரேக்கத்துலேர்ந்து வந்தது சார். கிரேக்கத்துக்கு நம்ம ஊர்ச் சரக்கோட பேரும் சேர்ந்து போச்சு. பாலி மொழியில சிங்கிவேர. அதுக்கும் பின்னாடி நம்ம இஞ்சியும் வேரும். கொம்புங்கற அர்த்தம் அப்புறம் ஒட்டவெச்சதுன்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க."

கைதட்டல் அதிர்ந்தது. அந்த உற்சாகத்தில் சுகுமார் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான். "க்ரை கூட நம்ம 'கரை'தான்! அழுது கரையறோம்ல? இங்கிலீஷ் மொத்தமும் தமிழ்தான்!" கைதட்டல் இன்னும் பலத்தது.

"இல்ல சுகுமார்" என்றாள் எப்சி. "அது பிரெஞ்சு வழியா வந்தது. சத்தம் ஒத்துப்போனா சொந்தமாயிடாது. இதையும் சேர்த்துச் சொன்னா, இஞ்சியையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"அந்தம்மா யார் பக்கம்பா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். எப்சி உட்காரவில்லை. ராகவேந்திரா கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மேடம் சொல்றதுதான் சரி. ரெண்டுமே."

பரிசு அவர்கள் அணிக்குத்தான் வந்தது. சுகுமார் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் ரயிலடியில் அவனே வந்து நின்றான். "அக்கா, ஆரஞ்சு நம்மளதா?"

"அரபி, பாரசீகம், சம்ஸ்கிருதம்னு போகுது. அதுக்கும் முன்னாடி தெற்கத்தி மொழியா இருக்கலாம்னு சொல்றாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு இவ்ளோ தைரியமா சொல்றீங்களே!" என்று சிரித்தான் சுகுமார். வண்டி வந்ததும் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடிக்க முன்னால் ஓடினான்.