சிவப்பு நூல் கட்டிய இரண்டு பாட்டில்கள்

பயம் என் கூடவே பிறந்தது. பஸ் பிரேக் போட்டால் கம்பியைப் பிடிப்பதற்கு முன்னால் சாமியைக் கூப்பிட்டுவிடுவேன். அப்படிப்பட்டவள் மதுரையில் ஒரு லேபில் பெப்டைடு ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்குப் பயந்தாங்கொள்ளிதான் லாயக்கு. பெப்டைடு என்பது புரதத்தின் சின்னத் துண்டு. இன்சுலினும் அந்த வகையறாதான். கொஞ்சூண்டு உள்ளே போனாலே உடம்பில் எதையாவது முடுக்கிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியைக் குளிர் விடும்வரை நான் திறக்க மாட்டேன். திறந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பொடி கெட்டுப்போகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிட்டேயே போக மாட்டேன். என்ன செய்யும் என்று தெரியாதவரை எனக்கு எல்லாமே விஷம். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும்.

அந்தச் சனிக்கிழமை காரியாபட்டியில் பஸ் மாறி, திருச்சுழிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது காலை வெயிலே மண்டையைப் பிளந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். எங்கள் ஃபிரிட்ஜ் எங்களுக்கு மட்டுமானதில்லை. தெருவில் சர்க்கரை வியாதி உள்ளவர்களின் இன்சுலின் பாட்டில்கள் எல்லாம் அதன் கதவில்தான் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பாட்டில் கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டியிருக்கும். மஞ்சள் கடைசி வீட்டுக்கு, பச்சை டீக்கடைக்காரர் வீட்டுக்கு, சிவப்பு எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு. அவரவர் வந்து எடுத்து, ஊசி போட்டுக்கொண்டு, திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள்.

அன்றைக்குச் சிவப்பு நூல் கட்டிய பாட்டில் இரண்டு இருந்தன. முன்னால் இருந்தது கட்டைவிரல் தண்டிதான் இருந்தது. எடுத்து லேபிளைத் திருப்பினேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

"யாருது இது?" என்று கத்தினேன்.

பல் விளக்கிக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்தான். அவன் லோடு வண்டி ஓட்டுகிறவன். மூட்டை தூக்கித் தோள்பட்டை போயிருந்தது.

"ஏ, வையி அதை. என்னுதுதான். தோள் வலிக்குன்னு ஜிம்முக்குப் போற கூட்டாளி போன்ல ஆர்டர் போட்டுக் குடுத்தான். பொடியா வந்துச்சு, தண்ணி கலந்து தோள்ல ஊசி போட்டுக்கிட்டு வாரேன். சுத்தமானதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கான்ல?"

"சுத்தம்னா வேற பொருளு கலக்கலேன்னு அர்த்தம்ணே. கிருமி இல்லேன்னு அர்த்தமில்ல. அந்தச் சுத்தமும் நெசமான்னு யாரு பாத்தா? எலிக்குப் போடவே நாங்க அம்புட்டு யோசிக்கிறோம். நீ வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்ல பண்ணி வச்சிருக்க! சரி, இந்த நூலு யாரு கட்டுனது?"

"நூலு இல்லேன்னா அம்மா தூக்கிப் போட்டுருமே. கோயில் கயிறு கையில கெடந்துச்சு, அவுத்துக் கட்டுனேன்."

வாரம் பூராவும் லோடோடு திரிகிறவனுக்குச் சிவப்பு யாருடையது என்று எங்கே தெரியும்? பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அண்ணன் முகம் மாறியது.

"நேத்துப் பாதிக்கு மேல இருந்துச்சே."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "எதுத்த வீட்டுல அவுக இப்பத்தான் வந்து ஊசி போட்டுட்டுப் போனாக. ஏன்டி?"

பாட்டிலும் கையுமாக, செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பெரியம்மா தரையில் சுருண்டு படுத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"கிறுகிறுன்னு வருது தாயி. கொமட்டிக்கிட்டே இருக்கு."

"எந்தப் பாட்டில்ல எடுத்தீக பெரியம்மா?"

"இந்தத் தடவை ஆஸ்பத்திரில சின்னப் பாட்டிலாக் குடுத்துட்டாகபோலன்னு நெனச்சேன். நூலு செவப்பாத்தான இருந்துச்சு?" சர்க்கரை ஏற்கெனவே அவர் பார்வையைப் பாதி தின்றிருந்தது.

அண்ணன் வண்டியை எடுத்தான். பெரியம்மாவை நடுவில் உட்காரவைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அருப்புக்கோட்டை வரைக்கும் அவர் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்சம் கண்ணை மூடினாலும் "பெரியம்மா, பெரியம்மா" என்று உலுக்கினேன். "செத்துற மாட்டேன்டி, கத்தாத" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "இதுக்குள்ள என்ன இருக்கு?"

லேபிளில் இருந்த பெயரைச் சொன்னேன்.

"பேரு நானும் படிச்சேன்மா. உள்ள அதுதான் இருக்கா?"

"தெரியாது டாக்டர்." நான் படித்த படிப்பே இதுதான். எங்கள் லேப் மிஷினில் போட்டுப் பார்த்துச் சொல்ல நாளாகும். அதுவரை பெரியம்மா தாங்குவாரா? பாவி, பாவி என்று அண்ணனை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இன்சுலின் போகாததால் அவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், அளந்து அளந்து இன்சுலின் கொடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் வயிறு தடித்துச் சிவந்திருந்தது. நர்ஸ் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நின்றவன்தான். வெயில் இறங்கும் நேரத்தில் குமட்டல் நின்றது. பெரியம்மா காப்பி கேட்டார். கண்டம் தாண்டியாச்சு, ஆனாலும் இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அண்ணன் பெரியம்மாவின் காலைத் தொட்டான். "மன்னிச்சிரு பெரியம்மா. அது நான் போடுற மருந்து."

பெரியம்மா திட்டவில்லை. பாதிப் பார்வையோடு அவன் முகத்தைத் தேடினார்.

"நீ எம்புட்டு நாளாப் போடுற?"

அவன் கை தோள்பட்டைக்குப் போனது.

"ஒருக்கப் போட்டதுக்கே என்னையப் படுக்கவச்சு இத்தனை பேரு பாக்குறாக. உன்னைய யாருய்யா பாத்தா?"

அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினான். கன்றிச் சிவந்து, தொட முடியாதபடி வீங்கியிருந்தது. நான் டாக்டரம்மாவைத் தேடி ஓடினேன்.