ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு கயிறு

கேள்வி கேட்கிற வருத்தம், அதாவது நோய், எனக்குப் பிறவியிலேயே வந்தது. "இவளின்ர வாய்க்கு ஒரு பூட்டுச் செய்விக்க வேணும்" என்று அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சொல்லுவார். பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கும் என்று நான் கேட்பேன். அதோடு அம்மா அகப்பையைத் தூக்குவார். நான் ஓடிவிடுவேன்.

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருடம் எனக்கு ஒன்பது வயது. குண்டுக்குப் பயந்து காட்டுப்பக்கம் ஓடிய சனமெல்லாம் திரும்பி வந்திருந்தது. துறைமுகம் நிறையக் கப்பல், தெரு நிறையச் சிப்பாய்கள், ஊர் நிறையச் சட்டங்கள். இரவில் விளக்கு வெளியே தெரியக்கூடாது. சங்கு ஊதினால் பதுங்குகுழிக்குள் இறங்கவேண்டும். இவ்வளவும் போதாதென்று அந்த வருடம் ஊருக்குள் பெரியம்மையும் வந்து சேர்ந்தது.

அம்மையைக் கட்டுப்படுத்தச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஓர் உத்தியோகத்தரை அனுப்பியிருந்தார்கள். காக்கிச் சட்டை, வட்டத் தொப்பி, மெலிந்த உடம்பு. அவரை ஊரில் எல்லோரும் சனிட்டரி ஐயா என்றுதான் சொன்னார்கள். வந்த கிழமையே பள்ளிக்கூடத்தை மூடினார், கோயில் திருவிழாவை நிறுத்தினார், கடைசியில் கடற்கரையையும் மூடினார். கடற்கரையை எப்படி மூடுவது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். பூவரசு மரத்துக்குப் பூவரசு மரம் ஒரு கயிறு கட்டி மூடினார்.

கயிறும் அவருடையது அல்ல. எங்கள் எதிர்வீட்டு மாமாவுடையது. மாமா எங்களுக்கு உறவு ஒன்றும் இல்லை, ஒரே சந்தில், ஒரே ஒழுங்கையில் குடியிருக்கிற பழக்கத்தில் மாமா. கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. கரைவலை இழுக்க நாற்பது பேராவது தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கவேண்டும் என்பதால் கடற்கரையை மூடியதுமே அவருடைய வலை கொட்டிலுக்குள் போய்விட்டது. சண்டைக்காலத்தில் நல்ல கயிறெல்லாம் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே சனிட்டரி ஐயா, சும்மா கிடந்த அந்த வலையின் கயிற்றையே இரவல் கேட்டு வாங்கிக் கட்டினார். அரசாங்கம் கேட்கும்போது இல்லையென்று சொல்ல ஏலுமா?

"எங்கட கயித்தாலயே எங்களைக் கட்டுறான், பாத்தியே மச்சான்" என்று மாமா எங்கள் வாசல் படலையில் நின்று அப்பாவிடம் குமுறுவார். "டொக்யாட்டுக்குள்ள ஆயிரம் பேர் போகினம். கப்பல்காரனுக்கு வராத வருத்தம் கரைவலைக்காரனுக்கு மட்டும் வருமோ?"

அப்பா கப்பல் பழுது பார்க்கிற டொக்யாட்டின் ஸ்டோரில் கிளாக்கர். காலையில் அதன் ஒரே வாசலான கேற்றுக்குள்ளால் சனம் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு போகும் என்று அவருக்குத் தெரியும். "ஓம் ஓம், கண்டறியாத சட்டம்" என்பார்.

எனக்கு மாமாவின் கேள்வி பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடமும் இல்லாததால் அதை எடுத்துக்கொண்டு நேரே பூவரசடிக்குப் போனேன். சனிட்டரி ஐயா ஒரு கதிரை போட்டு அங்கேதான் காவல் இருப்பார்.

"ஐயா, கயித்தைக் கண்டால் வருத்தம் நிண்டிடுமோ?"

"வருத்தம் நிக்காது. மனுசர் நிப்பினம்."

"கீழால நண்டு போகுது."

"நண்டுக்கு அம்மை வராது பிள்ளை."

இப்படித்தான் எங்கள் சிநேகம் தொடங்கியது. தினமும் ஒரு கேள்வி கொண்டுபோவேன். சங்கக்கடையில் அரிசிக்கு நிற்கிற வரிசையை ஏன் மூடவில்லை? அதை மூடினால் பசியில் சாவீர்கள் என்றார். அப்படியானால் கோயில் திருவிழாவை ஏன் நிறுத்தினீர்கள்? சாமிக்குப் பசிக்காது என்றார். நான் கொண்டுபோனதிலே திறமான கேள்வி பதுங்குகுழிக் கேள்விதான்.

"சங்கு ஊதினால் குழிக்குள்ள நெருக்கி இருக்கச் சொல்லுறாங்கள். நீங்கள் விலகி இருக்கச் சொல்லுறீங்கள். ரெண்டும் ஒண்டாய் வந்தால் என்ன செய்யிறது?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பெரியவர் ஒருவர் என் கேள்விக்காக யோசித்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"முதல் குண்டுக்குப் பயப்படு. குண்டு போனாப்பிறகு எனக்குப் பயப்படு" என்றார்.

ஊரே அவருக்குப் பயந்துதான் இருந்தது. காரணம் அந்தக் கரத்தை. அம்மை கண்டவர்களை ஒரு மாட்டுக் கரத்தையில் ஏற்றி, ஊருக்கு வெளியே காட்டோரம் கட்டியிருந்த கிடுகுக் கொட்டிலுக்குக் கொண்டுபோவார்கள். சொந்தக்காரர் யாரும் கூடப் போக ஏலாது. எங்கள் மூலைக்கடைக்காரர் அதில் ஏறும்போது, "கடையைப் பாத்துக்கொள்ளுங்கோ, இந்தா வந்திடுவன்" என்று சொல்லிக்கொண்டுதான் போனார். வரவில்லை. கடை பூட்டியபடியே கிடந்தது.

சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மாவின் தங்கச்சி அவர். எங்களோடுதான் இருந்தார். என்னைவிடப் பதினொரு வயது மூப்பு. இறக்கக்கண்டி ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. மூன்றாம் நாள் முகத்தில் அம்மை முத்துப் போட்டுவிட்டது.

எங்கள் பக்கத்தில் அம்மை நோயாய் அம்மாள் ஒரு வீட்டுக்கு வந்தால் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். அதைக் கண்டால் அயலார் உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து நெருப்போ தண்ணீரோ வெளியே போகாது. தாளிக்கமாட்டார்கள், தலை வாரமாட்டார்கள். யாரும் எழுதிவைக்காத சட்டம், ஆனால் மீறுகிற ஆளும் கிடையாது. இப்போதோ படலையில் வேப்பிலை கட்டினால் அதைச் சனிட்டரி ஐயாவும் பார்ப்பார். மறுநாள் கரத்தை வந்து நிற்கும்.

அப்பாவும் அம்மாவும் குசினிக்குள், அடுப்படியில் நின்று குசுகுசுத்தார்கள். முடிவில் அம்மா வேப்பிலையைச் சின்னம்மாவின் அறைக்குள்ளே, கதவின் உள்பக்கத்தில் கட்டினார். கட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். அம்மாளாச்சிக்கே ஒளிச்சு விளையாட்டுக் காட்டுகிறோமே என்று அவருக்குப் பயம். என்னைக் கூப்பிட்டு, "ஆர் கேட்டாலும் சின்னம்மா இறக்கக்கண்டிக்குப் போயிட்டா எண்டு சொல்லு. வாயைத் திறந்தியோ, சின்னம்மாவைக் கரத்தையில ஏத்திப்போடுவாங்கள்" என்றார்.

சின்னம்மா என்றால் எனக்கு உயிர். என் கேள்விகளுக்கு அந்த வீட்டில் சிரிக்காமல் பதில் சொல்லுகிற ஒரே ஆள் அவர்தான்.

வேப்பிலை இல்லாத வீட்டுக்குள் சனம் வரத்தானே செய்யும்? எதிர்வீட்டு மாமி அடுத்த நாளே தணல் வாங்கச் சிரட்டையோடு வந்துவிட்டார். நெருப்புப்பெட்டி கிடைக்காத காலம், தினமும் எங்கள் அடுப்பில்தான் தணல் எடுப்பார். அம்மா வழியை மறித்து நின்று, அடுப்பு இன்னும் மூட்டவில்லை என்றார். அவருக்குப் பின்னால் குசினிக் கூரையால் புகை போய்க்கொண்டிருந்தது. மாமி புகையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வெறும் சிரட்டையோடு போய்விட்டார். அப்பா வழமைபோல வெளிக்கிட்டு அந்த நெரிசல் கேற்றுக்குள்ளால் வேலைக்குப் போனார். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும்.

என் மண்டைக்குள் வேறொரு யோசனை ஓடியது. கயிறு கட்டினால் மனுசர் நிற்பார்கள் என்று சனிட்டரி ஐயாவே சொல்லியிருக்கிறார். சின்னம்மாவின் அறைக்குக் கதவுகூடச் சரியாகச் சாத்துப்படாது. அங்கே ஒரு கயிறு கட்டினால் மாமி மட்டுமல்ல, அந்தக் கரத்தைக்காரனும் அல்லவா நிற்கவேண்டும்? அதுவும் அரசாங்கம் கட்டின கயிறு. சும்மா கயிற்றுக்கு அந்தச் சக்தி இருக்குமோ என்று எனக்கு ஐயம். ஆகவே பூவரசடிக்கு ஓடினேன்.

"ஐயா, இந்தக் கயித்தில எனக்கு ஒரு துண்டு தருவீங்களோ?"

"எத்தினை முழம்?"

"ஒரு வாசலை மறிக்கக் காணும்."

"எந்த வாசல்?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு மிகச் சாமர்த்தியமாக, "விளையாட்டுக்கு. எங்கட சின்னம்மா இறக்கக்கண்டிக்குப் போயிட்டா. அவவுக்கு ஒண்டுமில்லை" என்றேன்.

"நான் அவவைப் பற்றிக் கேக்கேல்லையே பிள்ளை" என்றார்.

அவர் எழுந்து இரண்டடி பின்னால் போனார். கத்தி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கத்தி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. பிறகு கயிற்றின் தொங்கலில் ஒரு துண்டை அறுத்து, என் கையில் தராமல் மணலில் வைத்துவிட்டு விலகினார்.

"கட்டிப்போட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. கயித்துக்கு அங்கால நீ போகக்கூடாது, விளங்குதோ? விளையாட்டெண்டாலும் ஒழுங்காய் விளையாட வேணும்."

பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுகமா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். சின்னம்மாவின் வாசலில் இடுப்பளவு உயரத்தில் கயிற்றைக் கட்டினேன். அம்மா ஏதோ விளையாட்டென்று விட்டுவிட்டார்.

அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால், எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையிலும் கயிறு. அதே கரைவலைக் கயிறு. சனிட்டரி ஐயா அந்தப் பக்கம் நின்று சத்தமாகச் சொன்னார். பக்கத்துத் தெருவில் அம்மை சந்தேகமாம், முன்னெச்சரிக்கையாக இந்த ஒழுங்கையை மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளைக்கு, மூடுகிறாராம். டொக்யாட்டுக்கும் எழுதியாயிற்றாம், ஒருவரும் வேலைக்குப் போகேலாது. அரிசியும் நல்ல தண்ணீரும் கயிற்றடிக்கு வரும்.

ஒழுங்கை கொதித்தது. ஒருவருக்கும் வருத்தம் இல்லாத ஒழுங்கையை மூட இவருக்கு என்ன விசரோ என்று மாமா கத்தினார். அப்பாவும் கத்தினார். மாமாவைவிட ஒரு படி மேலேயே கத்தினார் என்று சொல்லவேண்டும்.

அன்று மத்தியானம் சனிட்டரி ஐயா வீடு வீடாக வந்து படலையில் நின்று எல்லோருக்கும் கையில் அம்மைப்பால் குத்தினார். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் வெளியே வந்து நின்றோம்.

"வீட்டில வேற ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை" என்றார் அப்பா.

சனிட்டரி ஐயா அப்பாவின் முகத்தை நன்றாகப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். "சரி" என்று கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு கேள்விப்படாத புதினம் ஒன்று நடந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரு வாளி நல்ல தண்ணீர் வந்தால் எங்களுக்கு இரண்டு வந்தது. மதிலின்மேல் ஒரு காபோலிக் சவர்க்காரமும், புண் கழுவுகிற ஊதாநிற மருந்துத்தூள் பொட்டலம் ஒன்றும் இருந்தன. ஊரிலேயே திறமான கேள்வி கேட்கிற பிள்ளை என்பதால் எனக்குக் கிடைத்த பரிசு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அம்மா அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் குசினிக்குள் உட்கார்ந்திருந்தார்.

மூன்று கிழமையும் மாமா கயிற்றடியில் நின்று ஏசினார். தொழிலும் இல்லை, ஒழுங்கையைத் தாண்டவும் ஏலாது. அப்பா முதல் நாள் ஏசியதோடு சரி, பிறகு வெளியே வரவேயில்லை. சின்னம்மாவுக்கு முத்து இறங்கிப் பொருக்கு விழுந்தது. ஒழுங்கையில் வேறு யாருக்கும் வரவில்லை. அதுவே சனிட்டரி ஐயா பிழை விட்டதற்குச் சாட்சி என்றார் மாமா.

கயிறு அவிழ்க்கிற நாள் ஒழுங்கையே படலைகளில் நின்றது. மாமா கயிற்றை வாங்கி இரண்டு கையையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்தார். ஒரு பாகம் குறைந்தது.

"ஆர் என்ர கயித்தை அறுத்தது?"

நான் படலைக்குப் பின்னால் பதுங்கினேன். சனிட்டரி ஐயா என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தான் அறுத்தனான்" என்றார்.

"சீ! அரசாங்க உத்தியோகம் பாத்துக்கொண்டு கயித்துக் களவோ?" என்றார் மாமா. ஒழுங்கை சிரித்தது. எதிர்வீட்டு மாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா முன்னுக்கு வந்தார். "விடு மச்சான். அந்தத் துண்டுக்கு நான் புதுக்கயிறு வாங்கித் தாறன்."

"நீ ஏன் தாறாய்?"

அப்பா சனிட்டரி ஐயாவின் பக்கம் திரும்பினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். வெள்ளைக்காரத் துரைக்கே அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

சனிட்டரி ஐயா தொப்பியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை, இண்டைக்குக் கேள்வி ஒண்டும் இல்லையோ?"

எனக்கு அது போதும். ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி, "ஒருத்தருக்கும் வருத்தமில்லாத ஒழுங்கையை ஏன் ஐயா மூடினீங்கள்?" என்றேன்.

"அப்பிடிக் கேள் மோளே!" என்று மாமா கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். சனிட்டரி ஐயா தலையை ஆட்டினார்.

"பிழைதான் பிள்ளை. நான்தான் பிழை விட்டிட்டன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அரசாங்கத்தையே மடக்கிய பெருமையில் நான் வீட்டுக்குள் ஓடினேன். சின்னம்மாவுக்கு அன்றுதான் வேப்பிலைத் தண்ணீர் வார்த்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தலை வாரிக்கொண்டிருந்தார் அம்மா. ஜன்னல் ஒழுங்கைப் பக்கம் கொஞ்சம் திறந்திருந்தது. "சின்னம்மா, நான் கேட்ட கேள்வி கேட்டதோ? அவருக்குப் பதில் வரேல்லை!" என்று துள்ளினேன். சின்னம்மா தழும்பு விழுந்த முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். பின்னால் நின்ற அம்மாவும் அழுதார். ஒரு மாதத்துச் சிக்கு, இழுத்தால் நோகத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு, "மெதுவாய் வாருங்கோ அம்மா" என்றேன்.