வெள்ளைக் குட்டியின் காது

நான் ஒரு செவிட்டுப் பூனைக்குட்டியைக் காது கேட்கும் என்று பொய் சொல்லி ஒருவருக்குக் கொடுத்தேன். தெரியாமல் அல்ல. நன்றாகத் தெரிந்துகொண்டே கொடுத்தேன்.

இது ஒரு பெரிய விடயமா என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்... முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. பத்து வருடத்துக்கு மேலாகப் பேர்சியன் பூனை வளர்க்கிறேன். ஒரு தாய்க்கு வருடத்தில் ஒரு ஈற்றுதான். குட்டிகளைக் கூண்டில் அடைப்பதில்லை. குசினியிலும் கதிரைகளுக்குக் கீழும் ஓடித் திரிந்து வளரும். பன்னிரண்டு கிழமை ஆகாமல், ஊசி போடாமல் ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன். கேட்டு வருபவர்களைக் குடைந்து எடுப்பேன். என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட நான் அத்தனை கேள்வி கேட்டதில்லை! குறை ஏதும் இருந்தால் முதலே சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக் குட்டியென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதை எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது... கோளாறு அங்கேதான்.

அந்த ஈற்றில் நான்கு குட்டிகள். ஒன்று முழு வெள்ளை, நீலக் கண். அப்படிப்பட்டவை சிலவேளை செவிடாகப் பிறக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டினால் நான்கும் ஓடி வந்தன. வெள்ளை கொஞ்சம் பிந்தி வரும், ஆனால் வரும். பிறகென்ன?

கண்டுபிடித்தவர் என் கணவர். ஒருநாள் மத்தியானம் துறைமுகத்தில் கப்பல் ஊதியது. மூன்று குட்டிகள் அலுமாரிக்குக் கீழே பாய்ந்தன. வெள்ளை மட்டும் இருந்த இடத்திலேயே காலை நக்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சேரும், இதுக்குக் காது கேக்கேல்லைப் போல கிடக்கு."

"உங்களுக்கு எப்பவும் ஒரு குறை கண்டுபிடிக்க வேணும். அது பயமில்லாத பிள்ளை" என்று அவர் வாயை அடைத்தேன்.

ஆனால் அன்று பின்னேரமே சோதித்தேன். நித்திரையாய்க் கிடந்த குட்டிக்குப் பின்னால் நின்று, சட்டி மூடியில் கரண்டியால் ஓங்கி அடித்தேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. குட்டி அசையவில்லை! கோப்பையைத் தட்டும்போது மற்ற மூன்றும் ஓடுவதைப் பார்த்துத்தான் அதுவும் ஓடியிருக்கிறது... கணவரிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டு கிழமையில் செல்வராசா வந்தார். நிலாவெளியில் ஆட்டோ ஓட்டுபவர். பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளை வெள்ளையைத் தூக்கினாள். பிறகு கீழே விடவேயில்லை. செல்வராசா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அக்கா, எங்கட வாசல்லதான் ஆட்டோ நிக்கும். ஹோர்ன் அடிச்சா விலகிப் போகுமோ?"

"ஓம் ஓம். அவ கெட்டிக்காரி" என்றேன். பிள்ளையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இதுக்குக் காது கேளாது, வீட்டுக்குள்ளேயே வைத்து வளருங்கோ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே வளர்ந்தால் செவிட்டுப் பூனையும் சந்தோசமாக வாழும். ஆனால் என் வீட்டில் செவிட்டுக் குட்டி பிறந்ததென்று நிலாவெளி வரைக்கும் கதை போகுமே! அதுதான் காரணம். வேறொன்றுமில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அவர் தனியே வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. குட்டி ஆட்டோவின் பின்சில்லில் அகப்பட்டுச் செத்துப்போய்விட்டது.

"ஹோர்ன் அடிச்சுப்போட்டுத்தான் அக்கா பின்னுக்கு எடுத்தனான். ரெண்டு தரம் அடிச்சனான்... விலகியிருக்கும் எண்டு நினைச்சன்."

மகள் நம்பவில்லையாம். ஹோர்ன் அடித்திருந்தால் குட்டி விலகியிருக்கும், குட்டி தந்த அன்ரி சொன்னவதானே, அப்பா பொய் சொல்கிறார் என்கிறாளாம். அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டாள்.

"இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு, அடிச்சனானோ இல்லையோ எண்டு."

ஒரு வசனம்! நான் ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் அந்தத் தகப்பனும் மகளும் மறுபடி கதைத்திருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

"உங்கட குட்டியைக் கவனமாப் பாக்காமல் விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்று அவர் கும்பிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரை மன்னித்தேன்! "பரவாயில்லை தம்பி, நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்" என்று தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தேன்.

நான் தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வருகிறேன். இதைச் சொன்னால், போய் அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல் என்பார். உங்களிடம் சொல்வது சுலபம்... உங்களுக்குச் செல்வராசாவைத் தெரியாது.

போன மாதம் பஸ் நிலையத்தடியில் மழைக்குள் கைகாட்டி நிறுத்திய ஆட்டோ அவருடையது. ஏறிவிட்டேன். முன்னால் ஒரு பஸ் மறித்து நின்றதால் பின்னுக்கு எடுக்க வேண்டியிருந்தது. அவர் இறங்கினார். நனைந்துகொண்டே பின்பக்கம் போய், குனிந்து, சில்லுகளுக்குக் கீழே பார்த்தார். திரும்பி வந்து ஏறி, இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் எடுத்தார்.

"மகள் எப்பிடி இருக்கிறா தம்பி?"

"இருக்கிறா அக்கா. பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸிலதான் போறா. ஆட்டோவில ஏறமாட்டா."

வீடு வரும்வரைக்கும் அவருடைய ஈரமான முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் இறங்கியதும் வாய் திறந்தது.

"கவனமா ஓடுங்கோ தம்பி" என்றேன்.