அக்காகிட்ட ஒருக்கா காட்டிட்டு

அக்காவை நினைத்தால் அவள் முகத்துக்கும் முந்தி, அடுப்பங்கரையில் தொங்கும் வெள்ளை யூனிஃபோம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. பதுளைப் பக்கம் ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் மழைதான். வரிசை வீடுகளான எங்கள் லயத்துத் தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் சண்டை நடந்தால்கூடக் கேட்காது. வெளியே எந்தத் துணியும் காயாது. அதனால் அம்மா குசினியில் கயிறு கட்டி, விறகுப் புகை நேராகப் படாத மூலையாகப் பார்த்து அந்த யூனிஃபோமைக் காயப்போடுவாள். காலையில் அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டு அக்கா கத்துவாள்: "அம்மா, இன்னிக்கும் கருவாட்டு வாசம்!" அம்மா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். "கருவாட்டுக்கு என்னடி கொறச்சல்? மோந்து பாத்தா நோயாளிக்குப் பசியாவது எடுக்கும்" என்பாள். அக்கா சிரித்துக்கொண்டே அதையே மாட்டிக்கொண்டு, மேலே ஒரு பழைய ஜெர்சியும் போட்டு, குறுக்குப்பாதையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவாள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த நர்ஸ் யூனிஃபோமைப் போட்ட முதல் ஆள் அவள்தான். இங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிக்க வழியில்லை. டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் தன் புத்தகத்தைத் திறப்பாள். பிறகு பதுளையில் தாதியர் பயிற்சி. பாடம் இங்கிலீஷில், ஆஸ்பத்திரி வாட்டில் பேச்சு சிங்களத்தில், அழுகை மட்டும் தமிழில் என்று லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். முதல் வருஷம் அவள் விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். வரவில்லை. எங்கள் டவுனில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கே போஸ்டிங் கிடைத்து வந்தாள். கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அம்மாவை என்னவோ கல்யாணப் பெண் மாதிரி கேலி செய்தார்கள்.

அவள் வந்தபிறகு தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டானது. யார் உத்தரவும் போடவில்லை, அதுவாக வந்தது. காய்ச்சலோ வயிற்றுவலியோ, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்னால் எங்கள் வீட்டு முன் இஸ்தோப்பில் வந்து நிற்பார்கள். "அக்காகிட்ட ஒருக்கா காட்டிட்டுப் போறோம்." வயதில் அவளுக்கு அம்மாவாக இருக்கக்கூடியவர்களும் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவள் அங்கே மருந்து எதுவும் கொடுக்கமாட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், நாக்கை நீட்டச் சொல்வாள், "சரி, வாங்க, நானும் டியூட்டிக்குத்தான் போறேன்" என்று கூடவே கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். காலையில் அந்தப் பாதையில் அவளுக்குப் பின்னால் இருமிக்கொண்டு ஒரு வரிசை போகும். ஆஸ்பத்திரியில் டொக்டர் பக்கத்தில் அவள் நின்றால் அவர்களுக்குப் பாதி நோய் குறைந்த மாதிரி. எங்கள் சனங்களுக்கு டொக்டரைக் கண்டால் மரியாதையில் தலை தானாக ஆடும். வலி இருக்கிறதா என்றாலும் ஆடும், வலி போய்விட்டதா என்றாலும் ஆடும். அக்கா தலையை நம்பமாட்டாள். ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, மலைக்கு வேலைக்குப் போனீங்களா, எந்தப் பக்கம் படுத்தா தேவல என்று ஊர்க்கதை பேசுகிற மாதிரி பேசித்தான் விஷயத்தை எடுப்பாள். டொக்டரும் நல்ல மனுஷன், அவள் பேசி முடிக்கும்வரை பேனாவை வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அந்த டொக்டர்தான் முதலில் வெளிநாடு போனார். பெட்ரோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை என்று நாடே தெருவில் நின்ற வருஷம் அது. அவருக்குப் பதிலாக வந்தவரும் கொஞ்ச நாளில் போனார். பிறகு வாட்டில் இருந்த மிஸ்ஸிமார், அதுதான் நர்ஸுமார், ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள். அக்காவுக்கு டபிள் டியூட்டி, அதற்கு மேல் இன்னொரு டியூட்டி. வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவாள். மருந்து வெளியே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கும்போது எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு அது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவள் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியதை எங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்தோம், யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. விசா வந்ததும் அம்மா மட்டும், "ஒம் பின்னாடி வர்ற வரிச என்னடி பண்ணும்?" என்று கேட்டாள். அக்கா உள்ளே போய் அழுதாள். போகாதே என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவள் தூங்குகிற தூக்கத்தை நாங்கள்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் போனது இங்கிலாந்தில் கடலோரத்து ஊர் ஒன்றுக்கு. எங்கள் தோட்டத்துக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். லண்டனுக்குப் போய்விட்டாலும் வழக்கம் போகவில்லை என்பதுதான் ஆச்சரியம். இஸ்தோப்பில் வந்து நிற்பவர்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். இப்போது அக்காவுக்குப் பதிலாக என் போன். எங்கள் லயத்தில் கவரேஜ் கிடையாது. கோயிலுக்கு மேலே, தேயிலை மலையில் பாதை வளைகிற இடத்தில் மட்டும்தான் வீடியோ கோல் எடுக்கும். அதனால் நோயாளியோடு அந்த வளைவுக்கு ஏறுவோம். அக்கா பஸ்ஸில் இருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எடுப்பாள். சின்னச் சதுரத்தில் அவள் முகம் தெரிந்ததும் கிழவிகள் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். நாக்கை நீட்டச் சொல்வாள், கண்ணை இழுத்துக் காட்டச் சொல்வாள், கடைசியில் எப்போதும் ஒரே வார்த்தை: "கீழ போங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க." அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள். சில பேர் அவளைப் பார்த்ததே போதும் என்று காம்பராவுக்கே திரும்பிப் போய்விடுவார்கள். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. அக்கா இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள் என்று நெஞ்சுக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது.

கங்காணி மாமாவின் விஷயத்தில்தான் எல்லாம் மாறியது. கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு இரத்த உறவு இல்லை, ஆனால் அப்பா காலமான பிறகு அந்த இடத்தில் இருந்தவர். ஒருநாள் பகல், நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தர் ஓடிவந்து, "மாஸ்டர், போனை எடுத்துக்கிட்டு வளைவுக்கு வாங்க" என்றார். நான் ஏறிப் போனபோது அவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். மாமாவைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, நாலு பேர் தோளில் தூக்கி அவ்வளவு மேட்டையும் ஏறியிருக்கிறார்கள். அவருடைய வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை மடியில் செத்துக் கிடந்தது. ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கீழேதான் இறங்கவேண்டும். அவர்கள் மேலே ஏறியிருந்தார்கள். எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது, எல்லார் முகத்திலும் காரியத்தைச் சரியாகச் செய்துவிட்ட நிம்மதி. "போடுங்க மாஸ்டர், அக்கா பாத்துச் சொல்லட்டும்."

அக்கா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாமாவைக் காட்டியதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "எங்கடா நிக்கிறீங்க?" என்றாள். சொன்னேன். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "ஏன்டா மேல தூக்கிட்டு வந்தீங்க? என்னைப் பாத்து என்னடா ஆகப்போவுது? எறங்குங்க, ஓடுங்க!" அதற்குள் அழத் தொடங்கிவிட்டாள். மாமா அந்தச் சின்னச் சதுரத்தைப் பார்த்துக் கோணிய வாயால் சிரிக்கப் பார்த்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம். கீழே ஓட்டோ பிடித்து, டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் பதுளைக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கியது. கை தங்கவில்லை, பேச்சும் கொஞ்சம் குழறிவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் என்று பதுளையில் ஒரு டொக்டர் ஆரம்பித்தார், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என்னிடம் சொன்னாள்: "இனிமே யாருக்கும் நான் போன் எடுக்கமாட்டேன். நான் எடுக்குறதாலதான் அவங்க மேல ஏறுறாங்க." சொன்னபடியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மட்டும் பேசுவாள், அதுவும் குரல் மட்டும். தோட்டத்தில் மனத்தாங்கல் வந்தது. லண்டனுக்குப் போனதும் கண்ணு மேல போயிருச்சு என்றார்கள். ஒருத்தி அம்மாவிடம் முகத்துக்கு நேரே கேட்டாள், அம்மா இரண்டு நாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் யாரோடும் பேசவில்லை. நான் வளைவில் நின்று எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொன்னேன். யாருக்கும் ஏறவில்லை. மாமா மட்டும், "நம்ம புள்ள எதுக்காச்சும்தான் செய்யும், சும்மா செய்யாது" என்று குழறுவார். எனக்கு அவள் குரல் மட்டும் கேட்பது போதவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருக்கும். அவள் வயசாகிறாளா, மெலிந்திருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லையே என்று ஒவ்வொரு ஞாயிறும் ஏக்கமாக இருக்கும். கேட்டால் அழுதுவிடுவாள் என்று கேட்கவில்லை.

போன வருஷம் லீவில் வந்தாள். மெலிந்துதான் இருந்தாள். முதல்நாள் இரவெல்லாம் அம்மாவின் பாயில் அவளை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். விடிந்து கதவைத் திறந்தால் இஸ்தோப்பில் ஆட்கள். மனத்தாங்கல் பட்டவர்கள்தான், எல்லாரும்தான். காய்ச்சல்காரப் பிள்ளை, கால்வீங்கிய பெண், ஒரு காரணமும் இல்லாமல் அக்காவைத் தொட்டுப் பார்க்க வந்த கிழவி. முன்னால் கங்காணி மாமா, இடது கையால் தடியை ஊன்றியபடி. "வந்துட்டியா புள்ள? இனி போகமாட்டியே?" என்றார். அக்கா அவருடைய செத்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவர் நெற்றியையும் தொட்டாள், செருப்பை மாட்டினாள், "வாங்க, போவோம்" என்றாள். பழையபடி அந்தப் பாதையில் வரிசை இறங்கியது. நான் கடைசியில் நடந்தேன். இந்தப் பாதை இப்படியே டவுன் வரைக்கும் போய் முடியாமல் இருக்கக்கூடாதா என்று இருந்தது.

வாட்டில் இருந்தது ஒரே ஒரு மிஸ்ஸிதான். மஹியங்கனைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவள். இருக்கும் எல்லாக் கட்டிலுக்கும் அவள் ஒருத்தியே ஓடிக்கொண்டிருந்தாள். இங்கே வந்த பிறகு கற்றுக்கொண்ட தமிழில், "எங்க நோவுது அம்மா? இங்கயா? உக்காருங்க" என்று அவள் கேட்பதைக் கேட்டால் யாருக்கும் பிடித்துவிடும். அவளுக்கு அக்காவைத் தெரியாது. "கூட வந்தவங்க வெளிய இருங்க" என்று அக்காவிடமும் சொன்னாள். அக்கா மறுபேச்சுப் பேசாமல் வெளியே வந்து நீள மர வாங்கில் எங்களோடு உட்கார்ந்தாள். அவள் வருஷக்கணக்காக நடந்த வாட்டு அது. கண் மட்டும் உள்ளேயே இருந்தது.

வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் அந்தப் பிள்ளை தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். மாமாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "மிஸ்ஸி, இதுவும் மிஸ்ஸிதான். எங்க புள்ள. லண்டன்ல இருக்கு" என்றார். லண்டன் என்ற வார்த்தை அவளுக்கு விளங்கிவிட்டது. அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிங்களத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கே, அங்கே போக என்ன பரீட்சை எழுதவேண்டும்? நான் படித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லித்தர ஆளில்லை."

அக்கா வாட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு எங்கள் வரிசையைப் பார்த்தாள். "கடைசியாக வீட்டுக்கு எப்போது போனாய்?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டாள். சித்திரைப் புதுவருஷத்துக்கும் போகவில்லை என்றாள் அவள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லத் தொடங்கினாள். எந்தப் பரீட்சை, எதை முதலில் படிக்கவேண்டும், எங்கே தவறுவார்கள், ஏஜென்ஸிக்காரர்களிடம் எப்படி ஏமாறாமல் இருப்பது. ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

எங்கள் வாங்கில் சிங்களம் அவ்வளவுக்கு விளங்கியது எனக்கு மட்டும்தான். மற்றவர்கள் இரண்டு மிஸ்ஸிமாரும் தலையோடு தலை சாய்த்துப் பேசுவதைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தார்கள். மாமா முழங்கையால் என்னை இடித்தார்.

"என்ன தம்பி பேசிக்கிறாங்க? நம்மளப் பத்தியா?"

"நம்மளப் பத்தித்தான் மாமா."

"நல்லா வெவரமா சொல்லிக் குடுக்கச் சொல்லு" என்றார். "இனி நமக்கு அந்தப் புள்ளதானே இருக்கு."