சாத்திய சன்னலும் ஏர்கூலரும்

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். அதற்கு மேலே வெறும் மொட்டை மாடிதான். சித்திரை வெயிலில் திண்டுக்கல்லில் அப்படி ஒரு வீட்டில் கைக்குழந்தையோடு இருந்து பார்த்தால்தான் எங்கள் பாடு தெரியும். மதியத்தில் சுவரில் கை வைக்க முடியாது. கணவர் மாடியில் தென்னங்கீற்றைப் பரப்பி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு வைத்தார். அதுவும் துணி அலசிய தண்ணீரில் நனைத்த சாக்கு. நல்ல தண்ணீரைக் கொண்டுபோய் மாடியில் ஊற்ற எங்கள் ஊரில் யாருக்கு மனசு வரும்?

பிள்ளைப்பேறு பார்க்க அகரத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். என்னைப் பெற்ற சில நாளிலேயே அம்மா போய்விட்டதால், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். மல்லி பூத்துக் குலுங்கும் நேரம். தோட்டத்தை அத்தான் கையில் விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். வந்த அன்றே சன்னல்களையெல்லாம் சாத்தினாள், கதவிடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தாள், ஃபேனை நிறுத்தினாள். என் காதில் பஞ்சை அடைத்துத் தலையைச் சுற்றித் துணியும் கட்டிவிட்டாள்.

"பச்ச ஒடம்புக்குக் காத்து ஆகாது. சன்னி வந்துரும்."

"வெந்து சாகப்போறேங்க்கா."

"வாயக் கழுவு. வெளக்கு வைக்கிற வீட்ல பேசுற பேச்சா இது?"

அவளிடம் வாய் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை. நான் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் கணவர் ஒரு ஏர்கூலர் வாங்கி வந்தார். அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"காத்து நேரா அடிக்கக் கூடாது மாப்ள. செவத்தப் பாக்கத் திருப்பி வைங்க. சன்னல மட்டும் தெறந்துறாதீக."

"சரிங்க மதினி."

அந்த மனுஷனுக்கு எல்லாவற்றுக்கும் சரிங்க மதினிதான். எனக்கு மட்டும் என்ன தெரிந்தது? ஏ.சி. அறையைப் போல, சன்னலைத் திறந்தால் குளிர்ச்சி வெளியே போய்விடும் என்று நானும் நம்பினேன். முதலில் சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் போர்வை நசநசத்தது, சுவர் வேர்த்தது. மறுநாள் மதியத்துக்குள் அந்த அறை இட்லிச் சட்டியாகிவிட்டது.

பிள்ளை அழவேயில்லை. "பாருடி, எம்புட்டு சமத்தாத் தூங்குறான்" என்று அக்காவுக்கு ஒரே பெருமை. பால் கொடுக்க எடுத்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. வாயை வைக்கிறான், இழுக்கத் தெம்பில்லை. உதடு காய்ந்து கிடந்தது, உடம்பு கொதித்தது. காலையில் மாற்றிய துணி அப்படியே உலர்ந்து இருந்தது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா பிள்ளையைச் சோதித்துவிட்டு வீட்டு நிலவரத்தையெல்லாம் கேட்டார். "சன்னல மூடிக்கிட்டு கூலரப் போட்டா அது குளிர்ச்சி இல்லம்மா, ஆவி. காத்தோட்டமா வைங்க, அடிக்கடி பால் குடுத்துக்கிட்டே இருங்க. பொழுது சாயிறதுக்குள்ள ஒன்னுக்குப் போகலைன்னா உடனே தூக்கிட்டு வந்துருங்க. அட்மிட் பண்ணித்தான் ஆகணும்."

வீட்டுக்கு வந்ததும் எல்லாச் சன்னலையும் படார் படாரென்று நானே திறந்தேன். தலைத்துணியை அவிழ்த்து எறிந்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பிள்ளைய அவிச்சு வச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அக்கா கீழே கிடந்த தலைத்துணியை எடுத்தாள். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளைய நான் பாக்கலடி. ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "நீ பொறந்தப்ப அம்மா புழுங்குது, புழுங்குதுன்னு அனத்துச்சு. யாரும் இல்லாத நேரமாப் பாத்து என்னயத்தான் சன்னலத் தெறக்கச் சொல்லுச்சு. நாந்தான் தெறந்துவிட்டேன். அன்னைக்கே காய்ச்ச கண்டுருச்சு."

இத்தனை வருசத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. காற்றால் யாரும் சாவதில்லை, அது பிரசவத்தில் வந்த வேறு ஏதோ காய்ச்சல் என்று சொல்ல வாய் வரை வந்தது. என் பிள்ளை மடியில் துவண்டு கிடக்கும்போது யாரையும் தேற்ற எனக்குத் தெம்பில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பால் புகட்டினேன். நனைத்துப் பிழிந்த துணியால் கணவர் அவன் கை காலைத் துடைத்துவிட்டார். தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், துணி உலர்ந்தே இருக்கிறது. வெயில் எதிர்வீட்டு மாடிக்கு ஏறிவிட்டது. டாக்டரிடம் திரும்பக் கிளம்ப வேண்டியதுதான் என்று கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது என் மடி வெதுவெதுப்பாக நனைந்தது.

"போயிட்டான்! அக்கா, ஒன்னுக்குப் போயிட்டான்!"

அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள் ஈரத் துணியைத் தொட்டுப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கணவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சன்னல் வழியாக அனல் காற்று ஒன்று உள்ளே வந்தது. அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. சன்னலைப் பார்த்தாள், என் வெறுங்காதைப் பார்த்தாள். எழுந்துபோய்ச் சாத்தவில்லை. பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"குளிருதாடி?"

எனக்கு முதுகெல்லாம் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"இல்லக்கா."

அவள் நம்பவில்லை. என் நெற்றியில் கையை வைத்தாள். இருட்டிய பிறகும் எடுக்கவில்லை.