வெந்நீர் முறை

என் மகள் பட்டப்படிப்பு முடித்த கையோடு, நான்கு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கொடைக்கானல் மலையில் இருக்கும் தன் சித்தப்பாவிடம் போனாள். இருபத்திரண்டு நாள் ஆகியும் திரும்பவில்லை. திங்கட்கிழமை அவள் தஞ்சாவூரில் பி.எட். சேர வேண்டும். வியாழக்கிழமை நானே அழைத்துவரப் போனேன்.

என் தம்பி எனக்கு நான்கு வயது இளையவன். கம்ப்யூட்டர் வேலைக்கு முதலில் பெங்களூர், பிறகு அமெரிக்கா. வயலைப் பார்க்க ஒருவன் வேண்டுமே என்று திருவையாற்றுப் பக்கத்திலேயே நான் நின்றுகொண்டேன். பதினோரு வருடம் கழித்து வேலையை விட்டு வந்தவன், ஊருக்கு வராமல் மலையில் ஒரு பழைய பங்களாவைக் குத்தகைக்குப் பிடித்து, முதுகில் மூட்டையோடு ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் விடுதியாக்கிவிட்டான். ரயில் பெட்டியில் இருப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள். கூடத்தில் யாராவது கிடார் வாசித்தபடி இருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு இட்லி சாப்பிட்டார்கள். நடுவில் என் தம்பி அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அவனிடம் பேச வந்தார்கள். என் மகளும்.

குளிப்பதற்குப் பின்பக்கம் ஒரே ஒரு விறகு பாய்லர். எட்டு மணிக்கு ஒன்பது பேர் வாளியோடு நிற்பார்கள், முந்தியவருக்கு வெந்நீர். எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் குறையும் காலத்தில் எங்கள் வாய்க்காலில் முறை வைப்போம். மதகுக்கு அருகே உள்ள தலைமடை வயலில் தொடங்கி, தூரத்துக் கடைமடையில் முடியும். அதுபோல அறைகளை வரிசைப்படுத்தி, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று ஒரு தாளில் கோடு போட்டு எழுதி, பாய்லருக்கு மேலே சுவரில் ஒட்டினேன். வெள்ளைக்காரர்கள்கூட அதன்படி வந்து குளித்தார்கள். தம்பியின் பெயர் கடைசியில் இருந்தது. அவன் முறை வரும்போது பாய்லர் காலியாகிவிடும். தெரிந்துதான் எழுதினேன்.

சனிக்கிழமை காலை அவன் ஈரத்தலையோடு கூடத்துக்கு வந்தான்.

“கடைமடைக்குத் தண்ணி வந்து சேரலண்ணே. கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம்னு இருக்கேன்.”

என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு என்னைத் தனியாகப் பின்பக்கம் கூப்பிட்டு, அந்தத் தாளைக் காட்டினாள்.

“அப்பா, பாய்லரை ஒட்டின ரூம் சித்தப்பாவோடது. அவருதானே தலைமடை?”

வாய்க்கால் ஊரில் வளர்ந்தவள். அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

“விடுதிக்காரன் கடைசியில குளிச்சா என்ன?”

“ஒண்ணும் இல்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடியும் அவரு தெனமும் பச்சைத்தண்ணியிலதான் குளிப்பாரு.”

நான் பேச்சை மாற்றினேன். “துணியெல்லாம் எடுத்து வச்சாச்சா? நாளைக்குக் காலையில பஸ்.”

“நான் வரலப்பா. பி.எட். வேண்டாம். இங்கயே இருந்து சமையல்கட்டையும் புக்கிங்கையும் பாத்துக்கறேன். சித்தப்பாவுக்குத் தெரியும்.”

“அவன்கிட்ட எப்ப சொன்ன?”

“வந்த நாலாம் நாளு.”

“என்கிட்ட?”

“அப்பாகிட்ட சொல்லுன்னு அவரு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. உங்ககிட்ட சொன்னா, எந்த பஸ்ஸு, எத்தனை மணின்னு எழுதிக் குடுத்துடுவீங்க.”

அவள் அங்கே தங்குவதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். இருபது நாள் அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும் போனில் அவன் “நான் பாத்துக்கறேண்ணே” என்று சொன்னதற்கு, நான் நன்றி சொல்லியிருக்கிறேன். வயலை விட்டுப் போனவனுக்கு அமெரிக்கா கிடைத்தது, மலை கிடைத்தது. என் மகளின் ரகசியமும் முதலில் அவனுக்குத்தான்.

ஞாயிறு காலை 6.40 பஸ். பையை அவனே தூக்கிவந்து என் இருக்கைக்கு மேலே வைத்தான். “அண்ணி கேட்டா நான் பேசறேண்ணே,” என்றான். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

வண்டி கிளம்பியதும் இருவரும் சேர்ந்து கையசைத்தார்கள். நான் மகளுக்கு மட்டும் கையசைத்தேன். அங்கிருந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.