அப்பாவின் நாளிதழில் வந்த ஊர்

அப்பா காலமான பிறகு, போன மாசியில், ஓர் ஊரைப் பார்க்கப் போனேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஒருமுறை அச்சேறியதே போதும்.

அறுபதுகளில் அப்பா அருப்புக்கோட்டையில் நாலு பக்க நாளிதழ் ஒன்றைத் தொடங்கினார். பருத்தி விலை, மிளகாய் விலை, சினிமா விளம்பரம், பெய்தால் மழைச் செய்தி. பாளையம்பட்டி, பந்தல்குடி டீக்கடைகளில் அதைத்தான் வாசித்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில், நான் போன இந்த ஊரில் காலரா வந்தது. வெயிலுக்குச் செத்தார்கள் என்றே வெளியே பேச்சு. அப்பா நேரில் போய் விசாரித்து, ஊருணித் தண்ணீர் கெட்டதை எழுதினார். இறந்தவர்களின் பெயர்களை முதல் பக்கத்தில் போட்டார். உடனே தண்ணீர் லாரி வந்தது, தடுப்பூசி போட ஆட்கள் வந்தார்கள்.

நோய் நின்றது. கெட்ட பேர் நிற்கவில்லை. அந்த ஊர் மிளகாயைச் சந்தையில் யாரும் தொடவில்லை. ஊர்க்காரர்களைப் பஸ்ஸிலிருந்தே இறக்கிவிட்டார்கள். ஒருநாள் அச்சகத்துக்கு ஒரு விவசாயி வந்தார். காலராவில் மகனைப் பறிகொடுத்தவர். இப்போது மகள் காளியம்மாளின் கல்யாணமும் நின்றுபோயிருந்தது.

"நீங்க எழுதுனது நெசந்தான்யா. எம் மகளுக்கு இனி என்ன எழுதுவீக?" என்றார்.

அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தார். அவர்கள் மசியவில்லை. ஊர் சரியாகிவிட்டது என்று திரும்பத் திரும்ப எழுதியும் பார்த்தார். வியாபாரம் கெட்டதென்று கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்த, தீபாவளிக்கு முன்பே நாளிதழ் நின்றது. அதன்பின் பருத்திக் கடையில் கணக்கு எழுதினார். எங்கள் வீட்டில் எந்தப் பத்திரிகையும் வாங்கியதில்லை.

காளியம்மாள் இன்னும் பிறந்த வீட்டிலேயே, தனியாக இருக்கிறார். நான் யாரென்று சொன்னேன். கேட்டுவிட்டுப் பாயை விரித்தார்.

"ஒங்கய்யா ஒருக்கா வந்தாக. வாசல்லயே நின்னாக. நாந்தான் உள்ள கூப்பிடலை."

அப்பா எழுதாமலே இருந்திருக்கணுமா அக்கா என்று கேட்டேன்.

"எழுதாட்டி நானும் தம்பியோட போயிருப்பேன். எழுதுனதால இப்படி இருக்கேன். எதுன்னு சொல்லச் சொல்றீக?"



திருச்சுழி கோயிலுக்கு வருகிறவர்கள் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போவதானால் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். திருச்சுழி தாண்டினால் கடைகள் குறைவு. போன ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லுங்கள். நான் ஆட்டோவில் ஏறும்போது, ஒருநாள் அருப்புக்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று காளியம்மாளைக் கூப்பிட்டேன்.

"பஸ்ஸை விட்டு எறக்குன அன்னையிலேருந்து டவுனுக்கு நான் வாரதில்ல தாயி" என்றார்.